ஒன்பதாம் கேள்விக்கு நான் எழுதிய பதில்

மாமா,

இன்று பள்ளியில் விளையாட்டு விழா. நூறு மீட்டர் ஓட்டத்தில் பாதி வழியில் கால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்ட பத்மினியை நிழலுக்குத் தூக்கி வந்தார்கள். டிரில் டீச்சர் ஒரு குப்பியைத் திறந்து அவளுடைய கெண்டைக்காலில் தைலம் தேய்த்தார். நான் பக்கத்தில்தான் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். அந்த வாடை வந்ததும் மேற்கொண்டு ஒரு வரிகூட ஓடவில்லை. உங்கள் சட்டையிலும் தலையணையிலும், நீங்கள் புரட்டிப் பார்த்துவிட்டு வைக்கும் என் நோட்டுப் புத்தகங்களிலும் இருந்த வாடை அது. நீங்கள் போய் ஆறு மாதம் ஆகிறது. வீட்டில் இப்போது அது இல்லை. அம்மா எல்லாவற்றையும் சோப்புப் போட்டுத் துவைத்துவிட்டாள்.

உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. கல்லறைக்கு இரண்டு முறை போனேன். சொல்ல வாய் வரவில்லை. எழுத்தென்றால் எனக்குக் கொஞ்சம் வரும் என்பது உங்களுக்குத் தெரியுமே.

ஓட்டுக் கம்பெனி முதலாளி உங்களைக் கூப்பிட்டு அனுப்பிய அன்று நீங்கள் சூளையில் ஓடு அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். பத்து வருஷம் கம்பெனியின் கால்பந்து டீமில் ஹாஃப் பேக்காக ஆடி, கால் முட்டு உடைந்த பிறகு சூளைக்குப் போனவர் நீங்கள். மாதச் சம்பளத்துக்குப் பந்து ஆடும் பதினெட்டுப் பேரை மேய்க்க முடியாமல் பழைய மேனேஜர் ஒரு காலை நேரத்தில் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். முதலாளி உங்கள் கையிலிருந்த செம்மண்ணைக்கூடத் துடைக்கவிடாமல், இனி டீமுக்கு நீதான் ஜெனரல் மேனேஜர் என்று சொன்னாராம். சாயங்காலம் பாறசாலை முக்கில் சாயாக்கடைக்காரர் உங்களைக் கண்டதும் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்ததை நீங்களே வந்து சொல்லிச் சிரித்தீர்கள். "ஜி.எம். சாருக்கு ஒரு சாயா. மதுரம் குறைச்சுப் போடு. பெரிய ஆளுகளுக்கு எல்லாம் சுகர் உண்டாக்கும்."

அம்மா சிரிக்கவில்லை. கஞ்சி ஊற்றிக்கொண்டே, "எலே, இவ்வளவு நாளும் பந்தை உதைச்சே. இனி உன்னை உதைப்பினும்" என்றாள்.

அம்மா சொன்னதுதான் நடந்தது. முதலாளி முதல் வாரமே நிபந்தனையைச் சொல்லிவிட்டார். நெய்யாற்றின்கரையிலிருந்து பாலராமபுரம் வரை புதிதாகக் கட்டும் வீடெல்லாம் கான்கிரீட் கூரை, ஓடு விற்பதில்லை. இந்த வருஷம் லீக்கில் ஃபைனலுக்கு வந்தால் ஐந்து ஆட்டக்காரர்களைக் கம்பெனியில் நிரந்தரமாக்குவார். வராவிட்டால் டீமைக் கலைத்துவிடுவார். பதினெட்டுப் பேரும் வருஷ ஒப்பந்தத்தில் இருந்தவர்கள். அவர்கள் கோப்பைக்காக ஆடவில்லை, அந்த ஐந்து இடத்துக்காக ஆடினார்கள். ஒருவன் இன்னொருவனுக்குப் பந்து தராமல் தானே கோல் அடிக்கப் பார்ப்பதாக நீங்கள் வருத்தப்படுவீர்கள்.

கோல்கீப்பர் உங்களிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு மலபாருக்குக் காசுக்காக ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆடப் போவார். ஒரு திங்கட்கிழமை வலது கைப் பெருவிரல் ஏத்தன் வாழைப்பழம் போல வீங்கித் திரும்பி வந்தார். முதலாளியின் தங்கை மகனையும் ஆட்டத்தில் இறக்க வேண்டும். அவன் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் உட்கார இடம் தேடுவான். கோயில் உற்சவம் வந்தால் மைதானத்தில் கடை போட்டுவிடுவார்கள். அப்போது நெய்யாற்றுக் கரை மணலில் பயிற்சி. இதையெல்லாம் நீங்கள் சாப்பிடும்போது அம்மாவிடம் சொல்வீர்கள். நான் பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கிளீட்டஸ் அண்ணன் வந்தது அப்போதுதான். பத்தொன்பது வயது, இடது கால். பொழியூருக்கும் நீரோடிக்கும் இடையில், எல்லைக் கல்லை ஒட்டிய வீடு. வாசற்படி தமிழ்நாட்டில், தண்ணீர் கோரும் கிணறு கேரளத்தில். ரேஷன் அரிசி அங்கே, படித்த பள்ளிக்கூடம் இங்கே. கடற்கரை மணலில் அவர் ஆடுவதைப் பார்த்துவிட்டு நீங்கள் நேராக அவருடைய அம்மாவிடம் போனீர்கள். நம் தெருவுக்கு மீன் கொண்டுவரும் ரோசம்மா அக்காவின் மகன்தான் அவர் என்பது அங்கே போன பிறகுதான் உங்களுக்குத் தெரிந்தது. அவருடைய மூத்த மகன் விசைப்படகில் கயிறு சுற்றி ஒரு கையை இழந்தவர். இளையவனை ஓட்டுக் கம்பெனி டீமுக்குக் கேட்டபோது ரோசம்மா அக்கா ஒன்றுதான் சொன்னாராம்: "எனக்க பையனுக்குக் கடல் வேண்டாம். பந்தோ சூளையோ, கரையில உள்ளது எதானாலும் போதும்."

அன்றே நீங்கள் மனதில் வைத்திருந்த ஐந்து பேரில் ஐந்தாவது இடம் நிரம்பிவிட்டது.

பதிவுப் படிவம் இங்கிலீஷில் இருந்தது. நீங்கள் தமிழில் எட்டாம் வகுப்பு. கம்பெனி எழுத்தரிடம் போனால் அவர் நாளைக்கு வா என்பார். மறுநாள்தான் கடைசி நாள். அதனால் என்னிடம் கொண்டுவந்தீர்கள். கிளீட்டஸ் அண்ணன் வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். நான் மையை நிரப்பி, அடியில் அட்டை வைத்து, பெரிய எழுத்தில் எழுதத் தொடங்கினேன். பெயர், அப்பா பெயர், பிறந்த நாள். எட்டுக் கேள்விகள் வரை கஷ்டமில்லை.

"மாமா, ஒம்பதாவது கேள்வி. வேற ஸ்டேட்டுல பேரு பதிஞ்சிட்டுண்டான்னு கேக்குது."

"அது மெட்ராசு, பெங்களூருலேந்து வாற பிள்ளேகளுக்குள்ளது. இல்லைன்னு எழுது."

"கிளீட்டஸ் அண்ணன் போன வருஷம் நாகர்கோவிலுக்காக்கும் ஆடினது. கன்னியாகுமரி ஜில்லா டீமுல."

நீங்கள் என்னைப் பார்த்த பார்வை நினைவிருக்கிறது. கோபம் இல்லை. நான் ஏதோ கடினமான பாடத்தை உளறியது போல ஒரு பார்வை.

"அது நம்ம ஊருல்லா மக்கா. உனக்க அம்மைய அங்கேந்து இஞ்சோட்டு கெட்டிக் குடுத்தப்போ ஆராவது பேப்பர் கேட்டினுமா? நான் இங்க வந்து சேந்தப்போ கேட்டினுமா?"

யாரும் கேட்கவில்லைதான். நாம் அங்கே அரிசி வாங்கி, இங்கே சினிமா பார்த்து, அங்கே கல்யாணத்துக்குப் போய், இங்கே ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள். அது இன்னொரு மாநிலம் என்பது பரீட்சையில் வரைபடம் வரையும்போது மட்டும் நினைவுக்கு வரும். உங்களுக்கு அதுவும் இல்லை. ஆனால் எனக்குத் தெரியும், மாமா. படிவத்தோடு வந்த சிறு விதிப்புத்தகத்தை நான் அன்று மத்தியானமே முழுதாகப் படித்துவிட்டேன். அச்சில் எது கிடைத்தாலும் படிக்கிறவள் நான். வேறு மாநிலத்தில் ஆடியவருக்கு அந்த மாநிலக் கால்பந்துச் சங்கத்தின் சம்மதக் கடிதம் வேண்டும் என்று அதில் தெளிவாக இருந்தது. அதையும் ஒருமுறை சொன்னேன். நேரமில்லை என்றீர்கள். மீண்டும் சொல்லியிருக்கலாம். எழுதி முடித்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசையில் நான் இருந்தேன். ஒன்பதாம் கேள்விக்கு எதிரே ‘இல்லை’ என்பதை இங்கிலீஷில் இரண்டே எழுத்தில் எழுதிவிட்டு, அந்த எழுத்து அமைந்த அழகைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளீட்டஸ் அண்ணன் நீங்கள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். மேலே என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை.

அந்த மூன்று மாதம் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பதை நினைத்துப் பார்க்கவே இப்போது பயமாக இருக்கிறது. கோல்கீப்பரை மலபார் போகாமல் வைக்க சனிக்கிழமைகளில் அவர் வீட்டில் போய் உட்கார்ந்தீர்கள். முதலாளியின் தங்கை மகனை, மூன்று கோல் முன்னால் நிற்கும்போது கடைசி ஐந்து நிமிடம் இறக்கினீர்கள். பதினெட்டுப் பேரையும் ஒன்றாக உட்காரவைத்து, யார் கோல் அடித்தார்கள் என்று பார்த்து ஐவரை எடுக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தீர்கள். நான் ஒரே ஒரு ஆட்டம் பார்த்தேன். அப்பா கூட்டிப்போனார். கிளீட்டஸ் அண்ணன் கோட்டை ஒட்டியே ஓடி வந்து, எதிரே வந்தவரைத் தாண்டி, தானே அடிக்கக்கூடிய பந்தை நடுவில் நின்றவருக்குத் தட்டிவிட்டார். கோல் விழுந்ததும் நீங்கள் குதிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டீர்கள்.

அரையிறுதியில் ஜெயித்தபோது கம்பெனியில் லட்டுக் கொடுத்தார்கள். நான்காம் நாள் தோற்ற டீம் புகார் கொடுத்தது. அவர்கள் கையில் ஒரு பத்திரிகைப் படம் இருந்தது. கன்னியாகுமரி ஜில்லா டீம் வரிசையாக நிற்கும் படம். வலமிருந்து இரண்டாவதாகக் கிளீட்டஸ் அண்ணன். அதற்கு மேல் விசாரிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஜெயித்த ஆட்டம் எதிர் டீமுக்குப் போனது. முதலாளி உங்களை உட்காரச் சொல்லவில்லை. "என்றெ மானம் போயி. டீம் இனி வேண்டா" என்று மலையாளத்தில் இரண்டு வாக்கியம்தான் சொன்னாராம். அந்த வாரமே பதினெட்டுப் பேரின் ஒப்பந்தமும் முடிந்தது. நீங்கள் மறுபடி சூளைக்குப் போனீர்கள். உங்களோடு ஓடு அடுக்கியவர்கள் ஜி.எம். சார் என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை. ஆனால் அது முன்பு போலச் சிரித்துவிட்டுப் போகும் சாயாக்கடைக் கேலியாக இல்லை.

பொய்த் தகவல் கொடுத்ததாகக் கிளீட்டஸ் அண்ணனுக்கு இரண்டு வருஷம் தடை. அரையிறுதியைப் பார்த்த ஒரு வங்கி டீம் அவரை எடுக்கத் தயாராக இருந்தது. செப்டம்பருக்குள் தடை நீங்கினால் வேலை, நீங்காவிட்டால் வேறு ஆள். அதன் பிறகு உங்களுக்கு வேறு பேச்சே இல்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு திருவனந்தபுரத்தில் கால்பந்துச் சங்க அலுவலகத்துக்குப் போவீர்கள். திரும்பி வந்ததும் நான் என்ன ஆயிற்று என்று கேட்பேன். பார்ப்போம் என்பீர்கள். வேறொன்றும் சொல்லமாட்டீர்கள். கால் மறந்துபோகக் கூடாது என்று அறுவடை முடிந்த வயலில் கிளீட்டஸ் அண்ணனைத் தனியாக ஓடவிட்டீர்கள். ஜூன் மாதத்து இடவப்பாதி மழையில் வயல் நிறைந்த பிறகும் விடவில்லை. வெறும் காலோடு தண்ணீரில் நின்று, வரப்பை வெட்டி நீரை வடித்தீர்கள். உங்கள் குதிகாலில் வெடிப்பு இருந்தது.

மஞ்சள் காமாலை என்று முதலில் சொன்னார்கள். மெடிக்கல் காலேஜில், தேங்கிய தண்ணீரிலிருந்து வெடிப்பு வழியாக ஏறும் எலிக்காய்ச்சல் என்றார்கள். நான்கு நாள். மூன்றாம் நாள் அம்மா வெந்நீர் வாங்கப் போன நேரத்தில் என் கையைப் பிடித்தீர்கள். கண் முழுக்க மஞ்சளாக இருந்தது.

"அந்த ஃபாரம் ஆரு எழுதினதுன்னு ஆரு வந்து கேட்டாலும் நீ வாய் தெறந்து மிண்டாத, மக்கா. நான் எழுதினதுன்னு சொல்லியாச்சு."

காய்ச்சலில் பேசுகிறீர்கள் என்று நினைத்தேன். சரி என்றேன்.

அடக்கம் முடிந்து மூன்றாம் வாரம் உங்கள் தோல்பையில் அந்தத் தாளைப் பார்த்தேன். சங்கத்தின் விசாரணைக் குழு மார்ச்சில் எழுதியது. மலையாளத்தில் இரண்டு பக்கம். எழுத்துக் கூட்டிப் படித்தேன். மாமா, விதி அவ்வளவு எளிமையாக இருந்தது. பொய்த் தகவலை டீம் எழுதியிருந்தால் டீமுக்குத்தான் தண்டனை, ஆட்டக்காரரை விட்டுவிடுவார்கள். டீம் ஏற்கெனவே கலைந்துவிட்டது. நீங்கள் எழுதினேன் என்று சொன்னீர்கள். அவர்கள் ஒரு தாளை நீட்டி, இங்கிலீஷில் நான்கு வரி எழுதச் சொன்னார்கள். நீங்கள் எழுத முயன்றது அந்தத் தாளோடு இணைக்கப்பட்டிருந்தது. உங்கள் பெயரின் பாதியோடு நின்றிருந்தது. படிவத்திலுள்ள எழுத்து மேலாளருடையது அல்ல. ஆட்டக்காரரைக் காப்பாற்ற அவர் பொய் சொல்கிறார். பத்தாம் வகுப்பு முடித்த ஆட்டக்காரரே எழுதியிருக்க வேண்டும் என்று முடித்திருந்தார்கள்.

என் பெயரை ஒருமுறை சொல்லியிருந்தால் போதும். நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று அம்மாவிடம் கேட்டேன். அவளுக்குத் தெரிந்திருந்தது. எதிர் டீமின் ஆள் ஒருவர் சங்க அலுவலகப் படிக்கட்டில் உங்களை நிறுத்தி, பொய் எழுதினவர் யாரானாலும் போலீஸ் கேஸ் கொடுத்து உள்ளே வைப்போம் என்று மிரட்டியிருக்கிறார். நீங்கள் நம்பிவிட்டீர்கள். அவர்கள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று நம்பிவிட்டீர்கள்.

நான் போய்ச் சொல்கிறேன் என்றபோது அம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். "அவன் செத்தது உன்னை மறைச்சு வச்சிட்டாக்கும். அதை நீ போய்க் கெடுக்கவா?"

"ரோசம்மா அக்கா தினமும் நம்ம வாசலுக்கு வாறாங்கம்மா" என்றேன். அவள் அடுப்புக்குத் திரும்பிப் போனாள். மூன்றாம் நாள் காலை, பள்ளிக்கு வேண்டாம், நல்ல பாவாடையைக் கட்டு என்றாள்.

சங்கத்தின் செயலாளர் வயதானவர். என்னை உட்காரச் சொன்னார். படிவத்தைப் பார்க்காமல் அதிலுள்ளதை எழுதச் சொன்னார். எழுதினேன். ஒன்பதாம் கேள்வியின் பதிலைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். போலீஸ் பற்றி அம்மா கேட்டாள். இதற்கெல்லாம் யார் போலீசுக்குப் போவார்கள், அந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மார்ச்சிலேயே முடிந்திருக்குமே என்றார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

நான் உங்களிடம் சொல்ல வந்தது அதற்கு அடுத்தது. வாக்குமூலத்தை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். படிவத்தை எழுதியது நான். சரியான விவரம் தெரிந்தும் மேலாளர் சொன்னபடி எழுதினேன். மேலாளர் விசாரணையில் கொடுத்த வாக்குமூலம் உண்மைக்கு மாறானது. இந்தக் கடைசி வரியை விட்டுவிடலாமா என்று கேட்டேன். அது இல்லாமல் பழைய தீர்ப்பை மாற்ற முடியாது என்றார். எழுதினேன், மாமா. நீங்கள் பொய் சொன்னீர்கள் என்று, பெயரோடு, தந்தை பெயரோடு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து எப்போதும் போல நேராக வந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

குழு கூடி முடிவெடுக்க அக்டோபர் ஆகிவிட்டது. கிளீட்டஸ் அண்ணனின் தடை நீங்கியது. படிவத்தில் பொய்யும் விசாரணையில் பொய்யும் காலஞ்சென்ற மேலாளரின் குற்றம் என்று பதிவானது. வங்கி டீம் செப்டம்பரிலேயே வேறு ஒருவரை எடுத்திருந்தது. கிளீட்டஸ் அண்ணன் ஓணம் முடிந்ததும் கொச்சிக்குப் போய் ஆழ்கடல் போட்டில் ஏறிவிட்டார்.

தடை நீங்கிய அந்தத் தாளை ரோசம்மா அக்காவிடம் நான்தான் கொடுத்தேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு நம் படியில் உட்கார்ந்து, நான் படிப்பதை முழுதாகக் கேட்டார்.

"எழுதினது நீயா?"

"ஆமாக்கா."

"இது மார்ச்சுல கிட்டியிருந்தா எனக்க பையன் இப்போ கரையில உண்டு" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. தாளை மடித்து இடுப்பில் செருகி, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போனார். இப்போதும் நம் தெருவுக்கு வருகிறார். பக்கத்து வீடு வரை கூவிக்கொண்டு வருவார். நம் வீட்டைத் தாண்டும் வரை கூவுவதில்லை.

நீங்கள் என்னைக் கோபிப்பீர்களா என்று தெரியவில்லை. நான் செய்தது சரிதான் என்று பகலில் தோன்றுகிறது. உங்கள் பெயர் இருக்கும் அந்தக் கோப்பு ஏதோ ஓர் அலமாரியில் இருக்கிறது என்று நினைக்கும்போது அப்படித் தோன்றுவதில்லை. இரண்டும் என்னோடு இருக்கும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட எனக்கு வழி தெரியவில்லை.

தெருவில் யாருக்குப் படிவம் வந்தாலும் இன்னும் என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள். போன வாரம் தங்கையன் அண்ணாச்சி தன் அம்மாவின் பென்ஷன் படிவத்தோடு வந்தார். வேறு மாநிலத்தில் ஏதாவது உதவி பெறுகிறாரா என்று ஒரு கேள்வி இருந்தது. தமிழ்நாட்டில், களியக்காவிளைப் பக்கம் அந்தப் பாட்டிக்கு ஒரு ரேஷன் கார்டு உண்டென்று எனக்குத் தெரியும். இல்லைன்னு எழுது மோளே, எனக்கு பஸ் போயிரும் என்றார். நான் கேள்வியை இன்னொரு முறை வாசித்தேன். அவர் முகம் மாறியது. மூன்றாம் முறையும் வாசித்தேன்.

"உனக்க மாமன் இப்படி ஒண்ணும் கேக்கமாட்டான்" என்றார்.

"ஆமா அண்ணாச்சி, கேக்கமாட்டாரு" என்றேன். பேனாவைத் திறக்காமல் அவருடைய பதிலுக்காகக் காத்திருந்தேன்.